இல்லத்தூய்மையும் கடன் தீர்த்தலும்: இல்லறத்தார்க்கு உத்தம சௌசம்

அருக பரமேட்டியின் திருவடிகளை மனம், மொழி, மெய் மூன்றாலும் வணங்கித் தொடங்குகின்றோம்.



தசலட்சணப் பருவத்தில் உத்தம சௌசத்திற்குரிய நாளன்று எம் ஊர் ஜினாலயத்தில் யாம் ஆற்றிய சிற்றுரையை எழுத்து வடிவில் தருமாறு அன்பர் சிலர் பணித்தனர். யாம் ஆகமங்களை முறையாகப் பயின்ற பண்டிதர் அல்லோம். ஆசிரியப் பயிற்சி பெற்று, நெடுங்காலம் சிறார்க்கு எழுத்தும் கணக்கும் கற்பித்து ஓய்வு பெற்றோம். ஆகவே இவ்வுரையில் சாத்திரம் சிறிதும், கணக்குச் சிறிதும், அடுக்களைச் செய்தி மிகுதியும் இருக்கும். பெரியோர் பொறுத்தருள்க.

இவ்வுரைக்குக் காரணமாக அமைந்தது ஒரு வினா. முதல் நாள் அபிடேகம் நிறைவுற்று, கந்தோதகம் பெற்றுக்கொண்டு அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருந்த வேளையில், சென்னையிலிருந்து வந்திருந்த எம் பழைய மாணவியின் மகள் எம் அருகில் வந்து அமர்ந்தாள். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பம். வங்கிக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு. அதற்கு மாதத் தவணை. போதாக்குறைக்கு நகைக் கடனும், கடன் அட்டைப் பாக்கியும் சேர்ந்துள்ளன.

"டீச்சரம்மா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் செலவாகிறது, செலவைக் குறைத்தால் வீடு அழுக்காகிறது. பாத்திரம் துலக்க வந்த அம்மாவையும் நிறுத்திவிட்டோம். அலுவலகம் விட்டு வந்து இரவு பத்து மணிக்குமேல் துலக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துடைப்பதிலேயே போய்விடுகிறது. அதைப் பற்றியே வீட்டில் சண்டை. சுத்தத்தை விடுவதா, சிக்கனத்தை விடுவதா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

"இரண்டையும் விடவேண்டாம் அம்மா. விடவேண்டியது வேறொன்று இருக்கிறது. நாளை மறுநாள் சௌச தர்மத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இருந்து கேட்டுவிட்டுப் போ" என்றோம்.

சௌசம் என்பது யாது?

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பத்து அறங்கள் கூறப்படுகின்றன. பொறுமை, பணிவு, நேர்மை, தூய்மை எனச் செல்லும் அவ்வரிசையில் தூய்மைக்குரிய சொல் சௌசம். உயிரைப் பற்றியுள்ள கசாயங்கள் நான்கு: கோபம், மானம், மாயை, உலோபம். பொறுமை கோபத்தை மாற்றுகிறது. பணிவு மானத்தை மாற்றுகிறது. நேர்மை மாயையை மாற்றுகிறது. எஞ்சிய உலோபத்தை, அதாவது பேராசையை மாற்றுவது எது? அதுவே சௌசம்.

இதனைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். உலகத்தார் தூய்மை என்றால் அழுக்கின்மை என்பர். நம் ஆசாரியர்களோ, தூய்மை என்றால் ஆசையின்மை என்றனர். உடலை எத்தனை முறை நீராட்டினும் உள்ளத்தில் ஆசை நிறைந்திருப்பவர் தூயவராகார் என்பதே இதன் கருத்து. அதனால் புறத்தூய்மை வேண்டாம் என்று பொருள் கொள்ளலாகாது. எல்லாவற்றையும் துறந்த திகம்பர முனிவர் தம்மோடு வைத்துக்கொள்ளும் உபகரணங்கள் மூன்றே: மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம். பீலி உயிர்களைக் காக்கும் அடக்கத்திற்கு உரியது. கமண்டலத்து நீர் தூய்மைக்கு உரியது. சாத்திரம் ஞானத்திற்கு உரியது. ஆடையையும் துறந்தவர் நீர்க் கலத்தைத் துறக்கவில்லை என்றால், தூய்மையின் இன்றியமையாமை விளங்கும். அக்கலம் ஒன்றே ஒன்று என்பதையும், அதிலுள்ள நீர் அளவானது என்பதையும் எண்ணினால் சிக்கனமும் விளங்கும். தூய்மையும் சிக்கனமும் ஒரே கமண்டலத்தில் அடங்கியிருக்க, நம் இல்லங்களில் மட்டும் அவை ஏன் பகைத்துக்கொள்கின்றன? இடையில் உலோபம் புகுந்ததே காரணம்.

அழுக்கு சிக்கனம் ஆகாது

கடன் வந்த வீட்டில் முதலில் தளர்வது தூய்மை. "இருக்கிற கவலையில் இது ஒன்றா?" என்று மனம் சலிக்கும். இந்தச் சலிப்பை நம் சமயம் பிரமாதம் என்று பெயரிட்டு, இம்சையின் வேர் என்று எச்சரிக்கிறது. கவனக் குறைவினால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது சூத்திரத்தின் கருத்து.

இரவில் எச்சிற் பாத்திரங்களைத் துலக்காமல் போட்டு வைத்தால் எறும்பும் கரப்பும் ஈயும் வருகின்றன. காலையில் அவற்றின்மேல் நீரைக் கொட்டுகின்றோம். அல்லது மருந்து தெளிக்கின்றோம். சோற்றை இறைத்து அழைத்தவர்கள் நாம். வந்த விருந்தைக் கொல்பவர்களும் நாம். கொசு முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பறக்கும் பருவம் எய்த ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். நீர்க்கலங்களை மூடி வைத்து, பூந்தொட்டித் தட்டுகளையும் குளிர்பெட்டியின் பின்தட்டையும் ஈரமின்றி உலர்த்தி வைத்தால், அது முட்டையிட இடமே இராது. உயிர் தோன்றிய பின் கொல்வதைக் காட்டிலும், தோன்றுதற்கு இடந்தராமை அகிம்சை. சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் நோன்பு முறையில் இந்த நன்மையும் அடங்கியுள்ளது. வெளிச்சம் இருக்கும்போதே உண்டால், வெளிச்சம் இருக்கும்போதே பாத்திரமும் துலக்கிவிடலாம்.

இல்லறத்தார் அறியாமலே உயிர்களுக்கு ஊறு நேரும் இடங்கள் ஐந்து என முன்னோர் வகுத்தனர்: உரல், திருகை, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம். துடைப்பமும் அவ்வைந்தனுள் ஒன்று. ஆகவே பெருக்குவது நல்லது என்று வேகவேகமாக அடித்துப் பெருக்குவதும் அறமன்று. முனிவர் பீலியால் தடவி அமர்வது போல, மென்மையான துடைப்பத்தால் பார்த்துப் பெருக்க வேண்டும். நாள்தோறும் பெருக்கும் வீட்டில் உயிர்கள் குடிகொள்வதில்லை. வாரம் ஒருமுறை பெருக்கும் வீட்டில் குடிகொண்டவற்றைக் கலைக்க நேர்கிறது.

இன்னொன்றும் காண்க. அம்முனிவர் அமருமிடத்தைப் பிறர் வந்து தூய்மை செய்து தரட்டும் என்று காத்திருப்பதில்லை. தாமே தம் கையால் தடவுகிறார். உலகம் வணங்கும் துறவிக்கே அது இழிவன்று என்றால், இல்லறத்து ஆடவர் துடைப்பம் ஏந்த நாணுவது எதற்கு? இருவரும் பொருள் ஈட்டி, இருவரும் கடன்பட்ட வீட்டில், துலக்கும் கடன் மட்டும் மனைவிக்கு என்பது நேர்மையான பங்கீடாகாது.

விலைக்கு வாங்கும் தூய்மை

தூய்மை இன்று கடைப்பொருளாகிவிட்டது. தரைக்கு ஒரு திரவம், குளியலறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, நறுமணத்திற்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று என அடுக்கடுக்காகப் புட்டிகள். அப்பெண்ணின் வீட்டில் 11 புட்டிகள் இருந்தனவாம். எண்ணிப் பார்க்கச் சொன்ன பிறகே அவளுக்குத் தெரிந்தது. போதாதென்று தவணையில் வாங்கிய தூசு உறிஞ்சும் கருவியும் இருந்தது. தூசைப் போக்கக் கடன் வாங்கினால், போன தூசு மறுநாள் வரும். வந்த கடன் போகாது.

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகமும், அதன்வழி நின்ற தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குகின்றன. பயனின்றிச் செய்யும் தீமையினின்று நீங்குதல் அது. நஞ்சு முதலிய கொல்லும் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல் அதனுள் ஒரு குற்றம். மண்ணையும் நீரையும் நெருப்பையும் காற்றையும் பயனின்றிச் செலவழித்தலும், செடிகொடிகளை வீணே வெட்டுதலும் மற்றொரு குற்றம். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்குவது சிக்கனக் குறைவு மட்டுமன்று, விரதக் குறைவும் ஆகும். ஒழுகும் குழாயின் கீழ் ஒரு டம்ளரை வைத்து, அது நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்குக் கணக்கிட்டுப் பிள்ளைகளைப் பெருக்கச் சொல்லுங்கள். அறமும் கணக்கும் ஒருங்கே கற்பர்.

மிகுந்த செலவின்றித் தூய்மை செய்வது நம் பாட்டிமார்க்குக் கைவந்த கலை. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த்தூள், செம்பு, பித்தளைக்குப் புளி, நீர்க்குழாயில் படிந்த உப்புக்கறைக்கு எலுமிச்சைத் தோல், பட்டுக்கும் மென்துணிக்கும் பூந்திக்கொட்டை, பருப்பு, தானிய டப்பாக்களில் காய்ந்த வேப்பிலை, படுக்கைக்கு வெயில். அரிசி களைந்த நீர் செடிக்கு. துணி அலசிய கடைசி நீர் தரை துடைக்க. கிழிந்த பருத்தி வேட்டியைப் போல் தரை துடைக்க ஏற்ற துணி வேறில்லை. எல்லாவற்றுக்கும் பாட்டி முறைதான் என்று பிடிவாதம் வேண்டா. கழிவறைக்குக் கடைப்பொருள் தேவையெனில் ஒன்றை வாங்கி அளவோடு பயன்படுத்துக. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் மட்டும் ஒருபோதும் ஒன்றாகக் கலவாதீர். அதிலிருந்து எழும் குளோரின் புகை மனிதர் மூச்சையே கெடுக்கும்.

எம் இல்லத்துக் கணக்கு

பிறர்க்கு உபதேசிக்கும்முன் எம் வீட்டுக் கதையைக் கூறுவதே நேர்மை. 1984ஆம் ஆண்டில் கிணற்றை ஆழப்படுத்தவும், நாத்தனார் திருமணத்தை நடத்தவும் 12,000 ரூபாய் கடன் வாங்கினோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. முதல் மாத வட்டி மட்டும் 240 ரூபாய். எம் ஆசிரியை ஊதியத்திலிருந்து மாதம் 400 ரூபாய் கட்டலாம் என்று எண்ணி, ஒரு மாலை தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். கட்டும் தொகையில் வட்டி போக மீதியை அசலில் கழித்துவரும் முறைப்படி, மாதம் 400 ரூபாய் கட்டினால் கடன் தீர 46 மாதங்களுக்குச் சற்று மேலாகும். மொத்தம் ஏறத்தாழ 18,500 ரூபாய் கொடுத்திருப்போம். 500 ரூபாய் கட்டினாலோ 33 மாதங்களில் தீர்ந்துவிடும். மொத்தம் ஏறத்தாழ 16,500 ரூபாய். மாதம் 100 ரூபாய் மிச்சம் பிடித்தால் 13 மாதக் கவலையும் 2,000 ரூபாயும் குறைகின்றன. அந்த நூறு ரூபாயைத் தேடிப் புறப்பட்டோம்.

தேடலில் நல்லனவும் செய்தோம், தீயனவும் செய்தோம். திரைப்படம், புதுப்புடவை, உறவினர்க்குப் பெருமைக்காகச் செய்யும் சீர் ஆகியன நின்றன. அவற்றால் ஒரு குறையும் இல்லை. விறகை மிச்சப்படுத்த எண்ணிக் குடிநீரைக் காய்ச்சுவதை நிறுத்தினோம். வடிகட்டும் துணி நைந்து கிழிந்திருந்ததை மாற்றவும் இல்லை. நீரை வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை அந்நீர்நிலைக்கே மீட்டுவிடும் மரபில் பிறந்த யாம், ஒரு முழத்துணிக்குக் கணக்குப் பார்த்தோம். எம் இளைய மகனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. குடிநீரே காரணமாகலாம் என்றார் மருத்துவர். பிள்ளை பிழைத்தான், இரண்டு மாதத் தவணை மருத்துவத்திற்குச் சென்றது. அது உலோபம் சிக்கனத்தின் வேடமிட்டு வந்தது என்பதை அப்போது உணர்ந்தோம்.

அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. எம் வீட்டில் பாத்திரம் துலக்கிவந்த அம்மையார்க்கு மாதம் 20 ரூபாய் கொடுத்துவந்தோம். 1985ஆம் ஆண்டு தை மாதத்தில் அவரை நிறுத்தினோம். அப்போது இரண்டு மாதப் பாக்கி 40 ரூபாய் இருந்தது. "பிறகு தருகிறோம்" என்றோம். அவரும் தலையசைத்துச் சென்றார். வட்டிக்குக் கொடுத்தவர்க்கு மாதம் தவறாமல் முதல் தேதியில் கட்டினோம். அதில் எமக்குப் பெருமையும் இருந்தது. அவர் வாசலில் வந்து நிற்பார். இவர் வந்து நிற்கமாட்டார். அந்த வேறுபாடு ஒன்றுதான் எம் நேர்மையை அளந்தது.

அவ்வாண்டு தசலட்சணப் பருவம் முடிந்து, ஒருவரை ஒருவர் மன்னிப்பு வேண்டும் க்ஷமாவாணி நாளில் எம் மாமியார் காலில் விழுந்து வணங்கினோம். அவர் எம்மை எழுப்பி, "என்னிடம் என்ன பிழை செய்தாய் பெண்ணே? பிழை செய்த இடத்தில் போய்க் கேள். அவளுக்குத் தரவேண்டியது எட்டு மாதமாக நிற்கிறதே" என்றார். அம்மூதாட்டி எழுதப் படிக்க அறியாதவர். கணக்கு கற்பித்த எமக்கு அன்று அவர் கணக்கு கற்பித்தார்.

அன்று மாலையே 40 ரூபாயை எடுத்துக்கொண்டு அவ்வம்மையார் குடிசைக்குச் சென்றோம். வாசலில் மண்பானை இருந்தது. அவர் வழக்கமாக நீர் மொண்டுவரும் பித்தளைக் குடத்தைக் காணோம். கேட்டபோது, ஆடியில் அடகுக் கடையில் வைத்ததாகச் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்து, கைகூப்பி மன்னிப்புக் கேட்டோம். "நீங்க போய் இப்படிக் கேட்கலாமா டீச்சரம்மா" என்று அவரே பதறினார். மறுமாதம் அவரை மீண்டும் வேலைக்கு வரச்சொன்னோம்; வேறிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தக் குடம் மீட்கப்பட்டதா என்று கேட்கும் துணிவு இன்றளவும் எமக்கு வந்ததில்லை.

பிறர் வைத்த பொருளை இல்லையென மறைத்தல் சத்திய விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. கொடாததைக் கொள்ளுதல் களவு. உழைப்பைப் பெற்றுக்கொண்டு கூலியை நிறுத்தி வைப்பதும் கொடாததைக் கொள்ளுதலே என்று எம் அனுபவத்தால் சொல்கின்றோம். பளபளவென்று துலக்கிய எம் பாத்திரங்களில் அந்த எட்டு மாதமும் ஒட்டியிருந்த அழுக்கு எது என்பது இப்போது விளங்குகிறது. கடன் 1987ஆம் ஆண்டு கார்த்திகையில் தீர்ந்தது. இந்தக் கடன் தீர்ந்ததா என்பது வினைக்கே வெளிச்சம்.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு

வினை உயிரில் வந்து சேர்வதை ஊற்று என்றும், வருவதைத் தடுப்பதைச் செறிப்பு என்றும், வந்தது கழிவதை உதிர்ப்பு என்றும் நம் தமிழ் நூல்கள் கூறும். குளத்தை வற்றச் செய்ய வேண்டுமானால் முதலில் வரத்துக்காலை அடைக்க வேண்டும். பிறகு உள்ள நீரை இறைக்க வேண்டும். புயற்காற்றில் கதவைத் திறந்து வைத்துப் பெருக்குபவர் வீட்டில் தூசு ஒழியாது. இம்முறை கடனுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலாவது செறிப்பு: புதுக்கடன் வரும் வழியை அடைத்தல். கடன் அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுக. தவணையில் எப்பொருளும் வாங்குவதில்லை என்று இந்தச் சாதுர்மாசத்திற்காவது நோன்பு கொள்க. நான்கு மாதம் காத்த நோன்பு பிறகு பழக்கமாகிவிடும்.

இரண்டாவது உதிர்ப்பு: பழங்கடனைக் கழித்தல். இதற்கு ஒழுங்கு உண்டு. உழைத்தவர் கூலி முதலில். அது வட்டி கேட்காத கடன், ஆதலால் மிகவும் கொடிய கடன். அதன்பின் எல்லாக் கடனுக்கும் குறைந்த அளவு தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மிஞ்சிய பணத்தை வட்டி மிகுந்த கடனுக்குச் செலுத்துக. கடன் அட்டைப் பாக்கிக்கு நூற்றுக்கு மாதம் 3 ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் வட்டி போடுகின்றனர். எம் 1984ஆம் ஆண்டு வட்டிக்காரரினும் அது கூடுதல். வீட்டுக் கடனுக்கு வட்டி மிகக் குறைவு. ஆகவே அட்டைக் கடன் முதலில், நகைக் கடன் அடுத்து, வீட்டுக் கடன் இறுதியில்.

மூன்றாவது, பற்றை அளவுபடுத்தல். நூலோர் எண்ணிய பத்துவகைப் புறப்பற்றுகளில் நிலமும் பொன்னும் மட்டுமல்ல, துணியும் பாத்திரமும்கூட உள்ளன. ஒவ்வொரு பொருளும் வாங்கும்போது பணம் கேட்கிறது. வாங்கியபின் இடம் கேட்கிறது. பிறகு ஆயுள் முழுதும் துடைக்கக் கேட்கிறது. நாற்பது பாத்திரங்கள் உள்ள வீட்டில் நாற்பதும் தொட்டியில் குவியும். பன்னிரண்டு உள்ள வீட்டில் உடனே துலக்கினால்தான் அடுத்த வேளை உண்ண முடியும். வாரத்திற்கு ஓர் அலமாரியைத் திறந்து, தேவையானதை வைத்துக்கொண்டு, மற்றதைத் தேவைப்படுவோர்க்குக் கொடுத்துவிடுக. விலைபோவதை விற்றுக் கடனில் கழிக்க. வீட்டிலிருந்து பொருள் குறையும்போது தூசும் குறைகிறது. துடைக்கும் நேரமும் குறைகிறது. வாங்கும் ஆசையும் தானே குறைகிறது. இங்கேதான் தூய்மையும் சிக்கனமும் கைகோக்கின்றன. அப்பெண்ணிடம் யாம் விடச்சொன்ன மூன்றாவது பொருள் இந்த ஆசையே.

"கடன் உள்ளபோது தானம் செய்யலாமா?" என்றும் சிலர் வினவுவர். பிறர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பொறிக்க நன்கொடை தருவது தானமாகாது. கடன் தீரும்வரை உடலுழைப்பைத் தருக. ஜினாலயத்தின் பிராகாரத்தைப் பெருக்குக. பூசைப் பாத்திரங்களைத் துலக்குக. அண்டை வீட்டு நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க.

நாள்முறை

எளிதில் பின்பற்றத்தக்க நாள்முறை ஒன்றைக் கூறி நிறைவு செய்கின்றோம்.

1. சாமாயிகத்திற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் என்பது நம் மரபு. வீட்டுத் தூய்மைக்கும் நாள்தோறும் அதே அளவை வகுத்துக்கொள்க. கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அதற்குள் முடிவது போதும், மீதி நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கும் ஓய்வுக்கும் உரியதாகட்டும்.

2. எடுத்த பொருளைப் பார்த்து எடுத்து, பார்த்து வைத்தல் முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் வீட்டில் பாதித் தூய்மை தானே அமையும். தொலைந்ததென்று இரண்டாம் முறை வாங்கும் செலவும் இராது.

3. படுக்குமுன் அடுக்களைத் தொட்டி காலியாக இருக்கட்டும். வடிகட்டும் துணி முழுதாக, தடித்ததாக, இரண்டாய் மடித்ததாக இருக்கட்டும். இவ்விரண்டிலும் சிக்கனம் வேண்டா.

4. அன்றைய செலவை ஒரு நோட்டில் எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்க. ஒருவர்க்கொருவர் மறைத்த கடன் மாயை என்னும் கசாயத்தை வளர்க்கும். பிரதிக்கிரமணத்தில் நாளின் பிழைகளை எண்ணிப் பார்ப்பது போல, அந்த நோட்டையும் சினமின்றிப் பார்க்க. கடன் என்பது ஒரு தொகை. அது ஒருவருடைய தகுதியின் அளவன்று.

5. மாத முடிவில், "நம் வாசலில் வந்து கேட்கத் துணியாத எவர்க்கேனும் நாம் தரவேண்டியது உண்டா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்க.

இந்த ஐந்தாவதைக் கூறியபோது, முன்வரிசையில் இருந்த அப்பெண் தலை குனிந்ததைக் கண்டோம். உரை முடிந்தபின் தனியே அழைத்து, "நிறுத்திய அந்த அம்மாவுக்குக் கணக்குத் தீர்த்தாயா?" என்று கேட்டோம். "ஒன்றரை மாதச் சம்பளம் இருக்கிறது டீச்சரம்மா. போனஸ் வந்ததும் தரலாம் என்று..." என்று இழுத்தாள். அதற்குமேல் யாம் ஒன்றும் கூறவில்லை.

பருவம் முடிந்து பத்து நாள் கழித்து அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. தூசு உறிஞ்சும் கருவியை விற்று, வந்த பணத்தில் அவ்வம்மையாரின் பாக்கியை முதலில் தீர்த்துவிட்டாளாம். புட்டிகள் பதினொன்று மூன்றாகிவிட்டன. மாப்பிள்ளை இரவில் பாத்திரம் துலக்குகிறாராம். "அவர் துலக்கினால் மூலையில் கொஞ்சம் பிசுக்கு நிற்கிறது" என்று குறைபட்டாள். நிற்கட்டும் அம்மா, அது நாளைக்குப் போய்விடும் என்றோம். வங்கிக் கடன் தீர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஆயினும் குரலில் பழைய சலிப்பு இல்லை.

நம் தமிழில் வீடு என்னும் சொல், வாழும் இல்லத்தையும் குறிக்கும். வினை நீங்கிய வீடுபேற்றையும் குறிக்கும். விடுதல் என்பதே அதன் வேர். தூசை விட்டு, கடனை விட்டு, அவ்விரண்டையும் கொண்டுவந்து சேர்க்கும் ஆசையைச் சிறிது சிறிதாக விட்டு வாழும் இல்லமே வீடு என்னும் பெயருக்கு உரியது. அத்தகைய இல்லங்கள் நம் சமூகத்தில் பெருகுக என அருகனை இறைஞ்சி அமைகின்றோம்.

எல்லா உயிர்களும் இன்புறுக! நல்லறம் ஓங்குக!